அன்னாளின் சின்னச் சட்டை: சிங்கப்பூரில் ஆண்பிள்ளை வளர்க்கும் கிறிஸ்தவத் தாய்க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போவோம். கடைக்கார அம்மா நாடாவைப் போட்டு அளந்துவிட்டு, "போன வருஷத்து அளவு இனி ஆகாதும்மா, பெருசா எடுங்க" என்பார். எனக்கு அப்போதெல்லாம் அன்னாள் நினைவுதான் வரும். சாமுவேலைச் சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு வந்த அந்தத் தாய், வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து அவனுக்கு எடுத்துப் போனாள் என்கிறது 1 சாமுவேல் 2:19. கண்ணெதிரே இல்லாத பிள்ளைக்கு அளவு எப்படித் தெரிந்திருக்கும்? போன வருஷம் பார்த்ததை மனதில் வைத்து, இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட்டுத்தான் தைத்திருப்பாள்.

எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். பெரியவன் தேசிய சேவை முடித்து வேலைக்குப் போகிறான். சின்னவனுக்கு 17 வயது. இத்தனை வருஷத்தில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வகை: போன வருஷத்துச் சட்டையை இந்த வருஷமும் போட்டுவிடப் பார்த்தது. ஐந்து வயதில் பலித்த அதட்டல் பதினைந்தில் பலிக்காது. கொஞ்சலும் கண்டிப்பும், பிள்ளைக்காகச் செய்கிற ஜெபமும்கூட அளவு மாற வேண்டும். கீழே உள்ள படிகளை வயது வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் மகன் எந்த வயதில் இருக்கிறானோ அங்கிருந்தே தொடங்கலாம். முதல் படி மட்டும் எல்லாருக்கும் பொது.

படி 1: முதலில் உங்கள் இருதயம்

பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் உபாகமம் 6:7க்குப் போய்விடுவோம். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேசு என்று சொல்கிற வசனம் அது. அதற்கு முந்தின 6ஆம் வசனம், இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுலும், அது முந்தி பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்றுதான் எழுதுகிறார்.

காலை ஆறரைக்கு எம்ஆர்டி பிடிக்கிற தாய்க்குத் தியான நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ரயிலிலேயே வாசியுங்கள், அது போதும். ஆனால் வீட்டில் ஒரு தடவையாவது அச்சிட்ட வேதாகமத்தைக் கையில் எடுத்து வாசியுங்கள். போனில் வாசித்தால், அம்மா வாட்ஸ்அப் பார்க்கிறாள் என்றுதான் பிள்ளை நினைப்பான்.

படி 2: பத்து நிமிடக் குடும்ப ஜெபம் (3 வயது முதல்)

இரவுச் சாப்பாடு முடிந்து, தட்டை எடுப்பதற்கு முன் அதே மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலுக்கு மாறினால் ஒருவன் டிவி ரிமோட்டைத் தேடுவான், இன்னொருவனுக்கு அப்போதுதான் தாகம் எடுக்கும். முறை எளிது: பாட்டில் ஒரு சரணம், வேதத்தில் ஐந்தாறு வசனம், பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம். பத்து நிமிடத்தைத் தாண்டவே வேண்டாம். நீண்ட ஜெபம் நம் மனத்திருப்திக்கு ஆகலாம், சின்னப் பையனுக்கு அது காத்திருப்புதான்.

மொழி விஷயத்தில் என் கருத்து இது. பிள்ளை ஆங்கிலத்தில் ஜெபித்தால் தடுக்காதீர்கள். ஆனால் நீங்கள் தமிழில் ஜெபியுங்கள். நம் பழைய வேதாகமத் தமிழ் அவனுக்குக் கடினம்தான். "இரட்சிப்பு" என்ற சொல்லுக்கு என் பெரியவன் ஆறு வயதில் அர்த்தம் கேட்டான். தண்ணீரில் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்குவது என்றேன். அன்று முதல் நீச்சல் குளத்தைப் பார்த்தாலே அந்தச் சொல்லைச் சொல்வான். அம்மாவின் ஜெபத்தைக் கேட்ட மொழி ஒரு பையனுக்குள் நிற்கும். பள்ளியில் தமிழ்ப் பாடத்துக்கு அது உதவுவது கூடுதல் லாபம்.

அப்பாவுக்கு ஷிப்ட் வேலை என்றால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் வீட்டில் இருக்கும் நாளில் வாசிப்பை அவரிடம் கொடுங்கள்.

படி 3: தட்டு, ஷூ, கழிவறை (4 முதல் 14 வரை)

நம் தமிழ் வீடுகளில் ஆண்பிள்ளை சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். என் மாமியாரும், "ஆம்பளப் புள்ளைய எதுக்கும்மா சிங்க் பக்கம் நிறுத்துற?" என்று வருத்தப்பட்டார். அவருக்கு நான் யோவான் 21ஐ எடுத்துக் காட்டினேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பில் மீனை வைத்துத் தம் சீடர்களுக்குக் காலைச் சாப்பாடு தயார் செய்திருந்தார். அத்தை பக்திமிக்கவர், அதற்குமேல் பேசவில்லை.

நாலு வயதில் செருப்பை அலமாரியில் வைக்கலாம். ஏழில் தன் தட்டைத் தானே கழுவலாம், சனிக்கிழமை வெள்ளைப் பள்ளிக் காலணியைத் தேய்த்துக் காய வைக்கலாம். பத்தில் அரிசி களைந்து, விரல் கணு அளவு தண்ணீர் வைத்து ரைஸ் குக்கரைப் போடலாம். பன்னிரண்டில் கழிவறை. பதினான்கில் ஒரு குழம்பாவது வைக்கத் தெரிய வேண்டும்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் இந்தப் படி இன்னும் அவசியம். அவர் பெயரைச் சொல்லி மரியாதையோடு பேசவும், "நன்றி" சொல்லவும், அவருடைய ஓய்வுநாளில் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் இருக்கவும் பையன் பழக வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு அவருக்கு உண்டு என்று 2023 முதல் சட்டமே சொல்கிறது. நாம் ஓய்வுநாள் கற்பனையை வாசிக்கிற ஜனம். உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பது அந்தக் கற்பனையிலேயே இருக்கிறது.

படி 4: ரோத்தானை (பிரம்பை) எங்கே வைப்பது

பெரியவனை அடித்திருக்கிறேன். "பிரம்பைக் கையாடாதவன்" என்ற நீதிமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அடித்தேன். ஒரு நாள் அவன் தம்பியை அதே கோணத்தில், அதே வார்த்தையைச் சொல்லி, ஸ்கேலை ஓங்கினான். அன்றே ரோத்தானைக் குப்பையில் போட்டேன். கொலோசெயர் 3:21, பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களுக்குக் கோபமூட்டாதிருங்கள் என்று பிதாக்களுக்குச் சொல்கிறது. தாய்க்கு விலக்கு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பதில் மூன்று காரியம் செய்தேன். தவறுக்கும் தண்டனைக்கும் தொடர்பு வைத்தேன். பால் கொட்டினால் துடைக்க வேண்டும், பொய் சொன்னால் யாரிடம் சொன்னானோ அவரிடமே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். மற்றவர் முன்னால் கண்டிப்பதை நிறுத்தினேன். நான் தவறும்போது, "அம்மா உன்கிட்ட கோபமா பேசிட்டேன், மன்னிச்சிடுடா" என்று நேராகச் சொன்னேன். மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளிடம் அதிகம் வேலை செய்ததும் அதுதான்.

இரண்டு மகன்கள் இருக்கிற வீட்டில் ரெபெக்காளின் கதையை அடிக்கடி வாசியுங்கள். இரண்டு மகன்களில் யாக்கோபுக்காக மட்டும் அவள் எல்லாம் செய்தாள். "சிலநாள்" என்று அவனை அனுப்பிவைத்தாள். அவள் அவனை மறுபடி பார்த்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

படி 5: ஞாயிற்றுக்கிழமையும் டியூஷனும் (தொடக்கநிலை 5, 6)

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்க நெருங்க நம் தமிழ் சபைகளின் ஞாயிறு பள்ளி வகுப்புகள் மெலிந்துபோவதை எல்லாரும் பார்க்கிறோம். டியூஷன் நிலையத்தில் கிடைப்பது ஞாயிறு காலை இடம் மட்டும். "இந்த ஒரு வருஷம்தானே, கர்த்தர் புரிந்துகொள்வார்" என்கிறோம். கர்த்தர் புரிந்துகொள்வார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளை என்ன புரிந்துகொள்கிறான் என்பதே என் கவலை. அவசரம் வந்தால் ஆராதனையைத் தள்ளி வைக்கலாம் என்ற பாடத்தை 12 வயதில் நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, 20 வயதில் அவன் அதையே செய்தால் அழுகிறோம்.

பெரியவனுக்கு நான் அந்தத் தவறைச் செய்தேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஞாயிறு காலை கணித வகுப்பு. சின்னவனுக்கு வந்தபோது வேறு மாதிரி செய்தோம். ஞாயிறு மதியம் வரை புத்தகம் மூடி இருக்கும். டியூஷனை ஒரு பாடத்துக்கு மட்டும், வார நாள் சாயங்காலம் வைத்தோம். மற்றதை வீட்டிலேயே படித்தான். மதிப்பெண் குறைந்ததா என்றால், அவன் எதிர்பார்த்த பள்ளி கிடைக்கவில்லை, இரண்டாவதாக எழுதிய பள்ளி கிடைத்தது. முடிவு வந்த அன்று அவன் அழுதபோது நான் ஒன்றும் போதிக்கவில்லை. அவனுக்குப் பிடித்த கடையில் முட்டை பிராட்டா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தோம். தேர்வுக்கு முன்னும் பின்னும் அவனுக்கு அதே இடம், அதே ஆண்டவர், அதே அம்மா. அது அவனுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினேன்.

படி 6: ஆளுக்கு ஒரு சாயங்காலம் (10 வயது முதல்)

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மெதடிஸ்ட் சபையை ஆரம்பித்த ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, 1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் பெரிய குடும்பத்தை நடத்தியவர். வறுமை, நோய், வீடு தீப்பற்றியது என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்கு நடுவிலும் வாரத்தில் ஒவ்வொரு சாயங்காலத்தையும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழன், அவர் தம்பி சார்லஸுக்குச் சனி. ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த 1732ஆம் ஆண்டில், அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சத்தை மறுபடி தனக்காகக் கொடுக்கும்படி தாய்க்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28க்கு மேல்.

நானும் வியாழனைப் பெரியவனுக்கும் செவ்வாயைச் சின்னவனுக்கும் வைத்தேன். இடம் எங்கள் பிளாக்கின் கீழே உள்ள கோப்பிக்கடை, சுவரோர மேசை. எனக்கு தே சி, அவனுக்கு மைலோ பெங். முதல் சில வாரம் பெரியவன் பேசவே இல்லை. ஸ்ட்ராவின் காகித உறையைச் சுருட்டி, மடித்து, ஐஸ் சொட்டிய தண்ணீரில் வைத்து அது புழு மாதிரி நெளிவதையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு உள்ளுக்குள் பதறும், வீட்டில் துணி காயப்போடவில்லையே என்று. ஒரு வியாழன், நாலாவது காகிதம் நெளிந்துகொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "அம்மா, கிளாஸ்ல என்னைக் கருப்புன்னு கூப்பிடுறாங்க. டீச்சரும் சிரிச்சாங்க."

இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது. தினமும் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டேன், "ஓகே" என்றான். கேள்விக்கு வராத பதில் சும்மா உட்கார்ந்தபோது வந்தது.

ஆகவே நடைமுறை இதுதான். எதிரெதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், அல்லது நடந்துகொண்டே பேசுங்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவது விசாரணை மாதிரி இருக்கும். உங்கள் போன் வீட்டிலேயே இருக்கட்டும். மதிப்பெண் பேச்சு வேண்டாம். முடிவில் "இதுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ராத்திரி தனியாக ஜெபியுங்கள்.

படி 7: போன், உடம்பு, பெண்கள் (12 முதல் 17)

ஏழு முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர்த்துத் திரை நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது சுகாதார அமைச்சின் 2025 வழிகாட்டுதல். அதைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதுக்கு எங்கள் வீட்டு விதி ஒன்றே: இரவு பத்தரைக்கு எல்லாருடைய போனும் சமையலறை மேடையில் சார்ஜ் ஆகும். எல்லாருடையதும் என்றால் அம்மா அப்பாவுடையதும்.

ஆபாசப் படம் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவன் விஷயத்தில் பாட்டி முன்னாலேயே கத்தினேன். பல மாதம் அவன் கதவு மூடியே இருந்தது. சின்னவன் 13 வயதில் நள்ளிரவில் பழைய டேப்லெட்டோடு இருந்ததைக் கண்டபோது, லைட்டைப் போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "என்ன பாத்தேன்னு கேக்கலடா. எத்தன நாளா இதத் தனியாவே தூக்கிட்டுத் திரியிற?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "ஒரு வருஷமா" என்றான். அந்த இருட்டு அவனுக்கு உதவியது. மறுநாள் அப்பாவும் அவனும் நடக்கப் போனார்கள். உடம்பைப் பற்றி மகனிடம் பேசுவது அப்பா வேலை என்று பல தாய்மார் ஒதுங்குகிறோம். கனவில் நனைந்த படுக்கை விரிப்பைத் துவைக்கிறவர் நாம்தான். அது இயல்பு, பாவம் அல்ல என்று ஒரு வார்த்தை நம் வாயிலிருந்தே வரலாம்.

நீதிமொழிகள் 31 என்றால் நமக்கு 10ஆம் வசனத்துக் குணசாலியான ஸ்திரீதான் தெரியும். மாதர் சங்கக் கூட்டத்தில் அதைத்தான் வாசிப்போம். அந்த அதிகாரம் ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்ன உபதேசம். லேமுவேல் ராஜாவிடம் அவன் தாய் மூன்று விஷயம் பேசுகிறாள்: பெண்களிடம் உன் பெலனை இழக்காதே, மதுவால் நியாயத்தை மறக்காதே, வாய் பேச முடியாதவனுக்காக உன் வாயைத் திற. வெட்கப்படாமல் நேராகப் பேசுகிறாள். அந்த ஒன்பது வசனத்தை மகனோடு சேர்ந்து வாசித்துவிட்டு நம் ஊர்க் கதையைப் பேசுங்கள். வகுப்புப் பெண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அனுப்பினால் நீ என்ன செய்வாய்? மின்சிகரெட்டை ஒருவன் நீட்டினால்? அதை வைத்திருப்பதே 2018 முதல் இங்கே குற்றம் என்பது அவனுக்குத் தெரியுமா? பேருந்தில் ஒரு வெளிநாட்டு ஊழியர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றால் நீ எங்கே உட்காருவாய்?

மனம் ரொம்பச் சோர்ந்து தெரிந்தால் ஜெபத்தோடு உதவியையும் தேடுங்கள். பள்ளி ஆலோசகர் இருக்கிறார், 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது, 1767இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் இருக்கிறது. மருந்தும் ஆலோசனையும் விசுவாசக் குறைவு அல்ல.

படி 8: மற்ற ஆண்களைக் கொண்டுவருங்கள்

தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். அந்த வீட்டில் விசுவாசம் தாய் வழியாகத்தான் வந்தது. பிறகு பவுல் வந்து அவனை "என் குமாரன்" என்றார். கணவர் ஆலயத்துக்கு வராத வீட்டுத் தாய்மாரும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் நீங்களே ஆக வேண்டியதில்லை. தாய்மாமன், ஞானத்தகப்பன், வாலிபர் ஐக்கியத்து அண்ணன் என்று யாரையாவது தேடுங்கள். பள்ளியில் பாய்ஸ் பிரிகேட் இருந்தால் சேர்த்துவிடுங்கள். 1883இல் கிளாஸ்கோவில் தொடங்கி 1930இல் சிங்கப்பூருக்கு வந்த கிறிஸ்தவச் சிறுவர் இயக்கம் அது. ஆண்டு முடிவில் ஏழை வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்த அந்த ஒரு நாளில் என் மகன் கற்றதை என்னால் பத்து வருஷத்தில் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. யாரானாலும் மூடிய அறையில் தனியாக வேண்டாம் என்பதைச் சபைக்கும் பையனுக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

உறவில் பலர் இந்துக்களாக இருப்பார்கள். தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதம் எடுப்பதில்லை என்பது உங்கள் வீட்டு முடிவானால், "பெரியம்மா, எனக்கு உங்க முறுக்கு குடுங்க" என்று சிரித்துச் சொல்லப் பழக்குங்கள். மூக்கைச் சுளிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

படி 9: தெக்கோங் படகு (18)

தேசிய சேவைக்குச் சேரும் நாளில் பாசிர் ரிஸ் வரை எம்ஆர்டி, அங்கிருந்து பேருந்து, பிறகு ராணுவப் பயிற்சித் தீவான தெக்கோங்குக்குப் படகு. படுக்கையைக் காட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவோம், அப்புறம் பெற்றோர் மட்டும் திரும்ப வேண்டும். அன்று அழுகையை அடக்க வேண்டாம், ஆனால் அவன் கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம். நான் பெரியவன் பையில் ஒரு சின்ன அட்டை வைத்தேன். அதில் 121ஆம் சங்கீதம் என்று மட்டும் எழுதியிருந்தேன், வேறு அறிவுரை இல்லை.

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது அழுக்குத் துணி மூட்டையை நான் எடுக்கப் போனேன். "நானே போடுறேன்மா" என்றான். கையை எடுத்துக்கொண்டேன்.

படி 10: ஆலயத்துக்கு வராத மகன்

பெரியவன் இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. இரண்டு வருஷமாகிறது.

மோனிக்காவின் மகன், பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன், தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பல் ஏறியவர். அதற்கு முன்பே, என் மகனிடம் பேசுங்கள் என்று மோனிக்கா ஓர் ஆயரைக் கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்க மாட்டான், அவனை விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு என்றார். வருஷங்கள் கழித்து 387இல் மிலானில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு மோனிக்கா இறந்தார். எனக்கு இந்தக் கதையில் உதவுகிற இடம் அந்த ஆயரின் மறுப்புதான். நான் பேச்சை நிறுத்தினேன். ஆலயத்திலிருந்து வந்ததும், யார் விசாரித்தார்கள், பாஸ்டர் என்ன கேட்டார் என்று அவனிடம் சொல்வதை நிறுத்தினேன். ஞாயிறு மதியம் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு இருக்கும், அவன் நாற்காலி இருக்கும். இரவு ஜெபத்தில் அவன் பெயர் இருக்கும், அவனுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக.

வேலைக்குப் போன பிறகு எங்கள் வியாழக்கிழமையும் நின்றுபோயிருந்தது. போன மாதம் ஒரு வியாழன், வேலை முடிந்து வரும் வழியில் செய்தி அனுப்பியிருந்தான்: "அம்மா, எட்டு மணிக்குக் கீழே வா. தே சி சொல்லி வைக்கிறேன்." போனேன். சுவரோர மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், எனக்கான நாற்காலியைத் தன் பக்கவாட்டில் போட்டுவிட்டு.